முகப்பு ஊருக்கு, கூரைச் செலவு வீட்டுக்காரருக்கு

மலேசியாவின் பினாங்கு மாநிலத் தலைநகரான ஜார்ஜ் டவுனில், சூலியா தெருவிலும் பினாங்கு தெருவிலும் நிற்கும் பழைய கடைவீடுகள் ஏறத்தாழ ஒரே அமைப்புக் கொண்டவை. அகலம் குறைவு, நீளம் அதிகம். கீழே கடை, மேலே குடும்பம், நடுவில் வெயிலும் மழையும் இறங்கும் முற்றம், தெருவோரத்தில் நிழலான அஞ்சடி நடைபாதை. இரண்டு பக்கச் சுவர்களும் அண்டை வீட்டோடு பங்கு. முன்பெல்லாம் கூரை ஒழுகினால் தச்சரையும் கொத்தனாரையும் அழைத்து, உடைந்த ஓட்டுக்குப் பதில் தகரத்தைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார்கள். 2008 ஜூலை 7 அன்று மலாக்காவோடு ஜார்ஜ் டவுனையும் யுனெஸ்கோ தன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதன் பிறகு அந்தச் சுதந்திரம் இல்லை. ஓடு சுட்ட மண் ஓடாக இருக்க வேண்டும், சுவருக்குச் சுண்ணாம்புக் காரை பூச வேண்டும், சாளரத்துக்கு மரக்கதவு வேண்டும், பெயர்ப்பலகை தெருவின் அழகை மறைக்கக்கூடாது, புதுக் கட்டடம் 18 மீட்டரைத் தாண்டக்கூடாது. எதைத் தொடுவதானாலும் மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும்.

இத்தகைய மரபு வட்டார விதிகளைப் பற்றி எந்த ஊரில் பேச்சு எழுந்தாலும் முதலில் வருவது ஒரு கேள்விதான்: சொத்தின் மதிப்பு ஏறுமா, இறங்குமா? அந்தக் கேள்வி போதாது என்பது என் கருத்து. மதிப்பு ஏறினால் அது விற்பவருக்கு லாபம். அதே வீட்டில் பிள்ளைகளோடு வாழ்ந்து, அதே கடையை நடத்த நினைப்பவருக்கு ஏறிய விலை கைக்கு வராது. ஏறிய வரியும் ஏறிய பழுதுச் செலவும்தான் வரும். ‘வீட்டுக்காரர்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும்போது, குடியிருப்பவர், பங்குபிரியாத வாரிசுகள், கோயில் அல்லது வக்ஃபு நிர்வாகம், வெளியூர் முதலீட்டாளர் என்று வெவ்வேறு நிலையில் இருப்பவர்களை ஒருவராக்கிவிடுகிறோம். விதி எல்லோருக்கும் ஒன்று. அதன் சுமை அப்படி இல்லை.

ஜார்ஜ் டவுனின் கதையை 2008-இல் தொடங்கினால் பாதிதான் புரியும். 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை ஏற்றவிடாமல் பிடித்து வைத்திருந்தது. பினாங்கில் மட்டும் 12,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அதற்குள் வந்தன. வாடகை சொற்பம் என்பதால் வீட்டுக்காரர் பழுதுபார்க்கவில்லை. குடித்தனக்காரரை எளிதில் வெளியேற்ற முடியாததால் இடிக்கவும் இல்லை. தட்டாரும் தையல்காரரும் மசாலா வியாபாரியும் பூக்கட்டுபவரும் பல தலைமுறைகளாக அங்கேயே இருந்தார்கள். மற்ற நகரங்கள் பழைய தெருக்களைத் தரைமட்டமாக்கி மாடிகளை அடுக்கிக்கொண்டிருந்த காலத்தில் ஜார்ஜ் டவுன் தப்பியதற்குப் பெரிய காரணம் இந்த முடக்கம்தான். மரபைக் காக்கும் நோக்கம் அந்தச் சட்டத்தில் ஒரு வரியிலும் இல்லை.

1997-இல் அந்தச் சட்டத்தை நீக்க முடிவாகி, 2000 ஜனவரி 1 முதல் கட்டுப்பாடு முற்றிலும் அகன்றது. வாடகை ஒரேயடியாகப் பல மடங்கு உயர்ந்தது. குடித்தனக்காரர்கள் பெருமளவில் வெளியேறினார்கள். பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. எட்டரை ஆண்டுகள் கழித்து யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தபோது, அது போற்றியது கட்டடங்களை மட்டுமல்ல, பல இன மக்களின் வாழும் பண்பாட்டையும்தான். அந்தப் பண்பாட்டைச் சுமந்தவர்களில் பலர் அதற்குள் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் போய்விட்டிருந்தார்கள். யுனெஸ்கோ அங்கீகரித்த மைய மண்டலத்தில் 2009-இல் சுமார் 10,000 பேர் வசித்ததாகவும், 2013-இல் அது சுமார் 9,400 ஆகக் குறைந்ததாகவும் கணக்கெடுப்புகள் காட்டின. கட்டட விதி கட்டடத்தைப் பிடித்து நிறுத்தியது. ஆட்களைப் பிடித்து நிறுத்தும் விதி எதுவும் அதனோடு வரவில்லை.

அங்கீகாரம் கிடைத்த மைய மண்டலம் ஏறத்தாழ 109 ஹெக்டேர். அதைச் சுற்றிய காப்பு மண்டலம் 150 ஹெக்டேர். கட்டடங்களை வகை பிரித்திருக்கிறார்கள். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் போன்ற தனிச்சிறப்புள்ளவை முதல் வகை. வரிசை வரிசையாக நிற்கும் கடைவீடுகள் பெரும்பாலும் இரண்டாம் வகை. காலி மனையிலும், சிறப்பு எதுவுமில்லாத பிற்காலக் கட்டடத்தின் இடத்திலும் புதிதாகக் கட்டலாம், தெருவின் அளவுக்கு இசைந்தால். இவற்றுக்கெல்லாம் முழுச் சட்ட வலிமை தந்த சிறப்புப் பகுதித் திட்டம் அரசிதழில் வெளியானது 2016 செப்டம்பரில். பட்டியலில் சேர்ந்து எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு! இந்த இடைக்காலம்தான் சிறு வீட்டுக்காரர்களை அதிகம் வாட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். என்ன செய்யலாம், என்ன கூடாது என்பது தெளிவாகத் தெரிந்தால் கடுமையான விதியோடும் வாழ்ந்துவிடலாம். தெரியாதபோது வசதியுள்ளவர் கட்டடக்கலைஞரை வைத்து அனுமதி வாங்குகிறார். வசதியில்லாதவர் தள்ளிப்போடுகிறார், மழை தள்ளிப்போடுவதில்லை.

இந்த ஏற்றத்தாழ்வு தொடக்கத்திலேயே வெளிப்பட்டது. பட்டியலில் சேர்ந்த சில மாதங்களுக்குள், 18 மீட்டருக்கு மேல் எழவிருந்த நான்கு விடுதித் திட்டங்களைக் குறித்து யுனெஸ்கோ கவலை தெரிவித்தது. அவை முன்பே அனுமதி பெற்றவை. உயரத்தைக் குறைத்தால் இழப்பீடு கொடுக்க வேண்டுமா, யார் கொடுப்பது என்று அரசு மட்டத்தில் பேச்சு நடந்தது. அதே விதிகளின் இரண்டாம் வகைப் பட்டியலால், அப்பா வழி வந்த இரண்டு மாடி வீட்டின் மேல் பிள்ளைகளுக்காக இரண்டு தளம் எழுப்பும் வாய்ப்பை இழந்த குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களிடம் இழப்பீடு என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை.

விதிகளே வீண் என்று சொல்லவரவில்லை. அவற்றில் பல நல்ல கட்டுமான அறிவின் மேல் நிற்பவை. சுண்ணாம்புப் பூச்சு விஷயத்தையே பார்க்கலாம். அந்தக் காலத்துச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் கலவையும் கொண்டது. அடியில் ஈரத்தைத் தடுக்கும் படலம் இல்லை. நிலத்து ஈரம் சுவரில் ஏறும், பூச்சு வழியாக ஆவியாகி வெளியேறும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு உப்பாகப் பூத்து, செங்கல்லைப் பொடிப்பொடியாக உதிர்க்கும். உத்தரத்தின் முனை சுவருக்குள் மறைந்திருப்பதால் அது மக்கிப்போவது மாடி இறங்கும்போதுதான் தெரியும். தஞ்சையிலும் செட்டிநாட்டிலும் பழைய வீட்டைப் பராமரித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆகவே ‘சிமெண்ட் கூடாது’ என்ற விதி வீட்டுக்காரரின் சொத்துக்கே பாதுகாப்பு. ஆனால் சுண்ணாம்பைப் புளிக்கவைத்துக் கலக்கத் தெரிந்த கொத்தனார் எங்கே, அவருக்கு என்ன கூலி, வேலை முடிய எத்தனை மாதம்? நல்ல விதி, ஆள் இல்லாத ஊரில் பணக்காரருக்கு மட்டும் எட்டும் விதியாகிவிடுகிறது.

பறவைக்கூட்டுத் தொழிலையும் இங்கே சொல்ல வேண்டும். வாடகைக் கட்டுப்பாடு போன பிறகு காலியான மாடிகளில், சாளரங்களை அடைத்து, சிறு துளைகள் மட்டும் விட்டு, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் ஓடவிட்டு உழவாரக் குருவிகளை வரவழைத்தார்கள். கூடுகளுக்குச் சீனச் சந்தையில் நல்ல விலை. வீட்டுக்காரருக்கு வருமானம், கட்டடத்துக்கு நாசம், அண்டை வீட்டாருக்கு ஓயாத சத்தமும் எச்சமும். 2013 இறுதிக்குள் மரபு மண்டலத்தில் இந்தத் தொழிலை நிறுத்த மாநில அரசு முடிவெடுத்தது சரியே. ஒருவர் சொத்தை அவர் இஷ்டப்படி விடுவது பொதுச்சுவருக்கு அப்பால் இருப்பவரின் சொத்தைக் கெடுக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. மரபு விதிகள் வேண்டும் என்பதற்கான மிக வலுவான வாதமும் இதுதான்.

பணம் எங்கிருந்து வந்தது? 2009-இல் மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான கஸானா நேஷனலின் கீழ் தொடங்கிய ‘திங்க் சிட்டி’ நிறுவனம் 2 கோடி ரிங்கிட் நிதியோடு மானியத் திட்டம் ஒன்றை நடத்தியது. வீட்டுக்காரர் தன் பங்கைப் போட்டால் திட்டம் தன் பங்கைப் போடும். நல்ல ஏற்பாடு. ஆனால் தன் பங்கைப் போட முடியாதவர் வாசலிலேயே நின்றுவிடுவார். பல பேர் பெயரில் இருக்கும் பங்குபிரியாத சொத்துக்காரர்களுக்கோ, யார் கையெழுத்திடுவது என்பதே தீராத பிரச்சினை. இதற்கிடையில் கடைவீட்டின் விலை உயர்ந்துகொண்டே போக, வெளியிலிருந்து வாங்குவோர் வந்தார்கள். சிங்கப்பூரைச் சேர்ந்த ஒரே நிறுவனம் 200-க்கும் மேற்பட்ட பழைய கட்டடங்களை வாங்கியதாகச் செய்திகள் வெளியாயின. வீடு விடுதியானது, மளிகைக்கடை காப்பிக்கடையானது. முகப்பு அப்படியே இருந்தது. முகப்பை மட்டும் அளக்கும் விதியின் கண்ணுக்கு இது வெற்றிதான்.

எதிர்பாராத ஆறுதல் ஒன்று உண்டு. ஜார்ஜ் டவுனின் சொத்துகளில் கணிசமானவை கோயில்கள், சீனக் குலச் சங்கங்கள், வக்ஃபு நிலங்கள் ஆகியவற்றின் கையில் இருக்கின்றன. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கு 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்த நிலத்தில்தான் தமிழ் முஸ்லிம் குடியிருப்பு வளர்ந்தது. குயின் தெருவில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலும், தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படும் நகரத்தார் கோயில் வீடும் அதே சுற்றுவட்டாரத்தில். விற்க முடியாத சொத்துக்கு விலை ஏறுவதால் ஆசை வராது. நினைத்தால் இந்த நிர்வாகங்கள் குறைந்த வாடகையில் பழைய ஆட்களை வைத்துக்கொள்ள முடியும். தனியார் வீட்டுக்காரரிடம் அந்தத் தியாகத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. அறச்சொத்துகளிடம் எதிர்பார்க்கலாம், எதிர்பார்க்கவும் வேண்டும். மரபு மானியத்தில் முதல் பங்கு இவற்றுக்கு, குடித்தனக்காரரை வெளியேற்றாத நிபந்தனையோடு, போயிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

சிங்கப்பூர் இதே பாதையில் முன்னதாகவே நடந்தது. 1989-இல் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் உள்ளிட்ட பகுதிகளைக் காப்புப் பகுதிகளாக அரசிதழில் அறிவித்தார்கள். இன்று 7,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் பாதுகாப்பில் உள்ளன. விதிகள் கண்டிப்பானவை, ஆனால் எழுத்தில் துல்லியமானவை. வீட்டுக்காரருக்கு மேம்பாட்டுக் கட்டணத்திலும் வாகன நிறுத்தக் கட்டணத்திலும் விலக்கு கிடைத்தது. வாடகைக் கட்டுப்பாடு 2001-இல் முடிந்தது. கட்டடக் காப்பு என்ற அளவில் ஆசியாவில் இதற்கு நிகர் குறைவு. லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையில் பூக்கடையும் நகைக்கடையும் இன்னும் இருக்கின்றன. மாடியில் குடும்பங்கள் அரிது.

சொத்து மதிப்பு ஆய்வுகளையும் ஒதுக்கிவிட முடியாது, அவற்றில் கவனிக்க வேண்டியது இருக்கிறது. 2012-இல் இங்கிலாந்தின் காப்புப் பகுதிகளைப் பற்றி லண்டன் பொருளியல் பள்ளியினர் நடத்திய ஆய்வு, அங்குள்ள வீடுகள் மற்ற வீடுகளைவிடச் சராசரியாக 23 சதவீதம் கூடுதல் விலைக்குப் போவதாகக் கண்டது. வீட்டின் அளவு, இருப்பிடம் போன்றவற்றைக் கழித்துப் பார்த்தால் மிஞ்சிய கூடுதல் சுமார் 9 சதவீதம். நியூயார்க்கைப் பற்றி 2016-இல் வந்த ஆய்வு இன்னும் நுட்பமானது. மாடி ஏற்றிக் கட்டும் வாய்ப்பு பெரிதாக இருந்த மன்ஹாட்டனில் மரபு வட்டார அறிவிப்பு மதிப்பை உயர்த்தவில்லை. அத்தகைய வாய்ப்பு குறைவாக இருந்த பிற பகுதிகளில் உயர்ந்தது. எல்லைக் கோட்டுக்கு வெளியே, கட்டுப்பாடு எதுவும் இல்லாமல் அழகான தெருவை எதிரே பார்த்துக்கொண்டிருந்த கட்டடங்களின் மதிப்பும் உயர்ந்தது. எதிர் வீட்டுக்காரர் சுண்ணாம்பு பூசுகிறார், இவருக்கு விலை ஏறுகிறது. இதைச் சரிசெய்யும் ஏற்பாடு பெரும்பாலான ஊர்களில் இல்லை.

கட்ட முடியாமல் போன உரிமையை ஈடுசெய்ய ஒரு பழைய உத்தி உண்டு. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் மேல் ஐம்பது மாடிக்கு மேற்பட்ட கோபுரம் எழுப்ப அனுமதி மறுக்கப்பட்டபோது, உரிமையாளரான பென் சென்ட்ரல் நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1978-இல் தீர்ப்பு நகரத்துக்குச் சாதகமாக வந்தது. பயன்படுத்த முடியாத கட்டுமான உரிமையை அருகிலுள்ள மனைகளுக்கு மாற்றிக்கொள்ள வழி இருந்ததையும் நீதிபதிகள் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். மும்பையில் இதையே ‘டி.டி.ஆர்.’ என்பார்கள். 1995-இல் வந்த மும்பையின் மரபு விதிகளில் இந்த ஏற்பாடு இருந்தது. அந்த விதிகள்தான் இந்தியாவில் மரபு வட்டாரம் என்ற கருத்துக்கு முதன்முதலில் முழுச் சட்ட உருவம் கொடுத்தவை. ஆனால் மும்பையின் பழைய கட்டடங்களில் பல, வாடகை உறைந்துபோன குடித்தனக்காரர்களால் நிரம்பியவை. அவற்றுக்குச் ‘செஸ்’ என்ற வரி வசூலித்துப் பழுதுபார்க்க அரசு வாரியமே இருக்கிறது. மழைக்காலத்தில் இடிந்து உயிர்களைக் காவு வாங்கும் கட்டடங்களில் மரபு விதியைச் சொல்லிப் புனரமைப்பைத் தடுக்க முடியாது என்ற நெருக்கடியில், மரபு வட்டாரங்களில் உள்ள செஸ் கட்டடங்களுக்கு 1999-இல் விலக்கு கொடுத்தார்கள். பிறகு பல வட்டாரங்களில் விதி பெயரளவுக்கே மிஞ்சியது. 2012-இல் சிவாஜி பார்க், தாதர் காலனிகள் உள்ளிட்ட 948 இடங்களைப் புதிதாகச் சேர்க்கும் பட்டியல் வெளியானபோது நடுத்தரக் குடும்பங்களே முன்னின்று எதிர்த்தன. பட்டியலில் பெயர் வந்தால் என்ன இழப்பு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. என்ன கிடைக்கும் என்று சொல்ல யாரிடமும் எதுவும் இல்லை.

தமிழ்நாட்டில் வீட்டுக்காரர்கள் அதிகம் சந்திப்பது வட்டார விதியை அல்ல, தூர விதியை. 1958-ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டத்தின் கீழ், மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. 1992 ஜூன் 16 அறிவிக்கை, 2010 திருத்தம் இரண்டும் இதன் தூண்கள். 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. 1992-க்கு முன்பிருந்த வீட்டைத் தடையில்லாச் சான்று வாங்கிப் பழுதுபார்க்கலாம், புதுப்பிக்கலாம்; ஆனால் இடிந்துபோனால் மறுபடி எழுப்பும் வழி 200 மீட்டர்ப் பகுதிக்குத்தான் சட்டத்தில் சொல்லப்பட்டிருக்கிறது. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். தஞ்சைப் பெரிய கோயிலானாலும் வயல் நடுவே நிற்கும் சிறு கல்வெட்டுப் பாறையானாலும் இதே அளவு. ஒவ்வொரு சின்னத்துக்கும் அதன் சுற்றுப்புறத்தை ஆராய்ந்து தனித் துணைவிதி எழுத வேண்டும் என்று 2010 திருத்தமே சொல்கிறது. மிகப் பெரும்பாலான சின்னங்களுக்கு அந்த வேலை முடியவே இல்லை. ஜார்ஜ் டவுன்காரர் தன் முகப்பு ஏன் முக்கியம் என்றாவது தெரிந்துகொள்கிறார். மாமல்லபுரத்தில் 90-ஆவது மீட்டரில் ஓட்டு வீடு வைத்திருப்பவருக்குத் தெரிவது நாடாவின் நீளம் மட்டுமே.

புதுச்சேரியில் சிறிய அளவில் நடந்த ஒன்று எனக்கு நம்பிக்கை தருகிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்ட உதவியோடு வைசியாள் தெருவில் தமிழ் வீடுகளின் திண்ணையையும் தாழ்வாரத்தையும் முகப்பையும் சீராக்கினார்கள். செலவில் ஒரு பங்கு திட்டத்தினுடையது, மறு பங்கு வீட்டுக்காரருடையது. வேலைக்கான தொழில்நுட்ப வழிகாட்டலை மரபுக் காப்பு அமைப்பான இன்டாக் தந்தது. 2008-இல் இதற்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. ஒரு தெருதான். ஆனால் சட்டத்தின் பயத்தில் அல்லாமல், கையில் வரைபடமும் பாதிப் பணமும் கொத்தனாரும் வந்ததால் வீட்டுக்காரர்கள் ஒத்துழைத்தார்கள்.

பெரிய அளவில் இதைச் செய்யப் பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்விக்குப் பினாங்கிலேயே ஒரு வழி திறந்திருக்கிறது. 2014 ஜூனில் அந்த மாநிலம் விடுதி அறை ஒன்றுக்கு ஓர் இரவுக்குக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியது: அப்போது நான்கு, ஐந்து நட்சத்திர விடுதியில் 3 ரிங்கிட், மற்றவற்றில் 2 ரிங்கிட். சுற்றுலா வளர்ச்சிக்கென்று வந்த கட்டணம் அது. பயணிகள் படம் எடுக்க வருவது அந்த முகப்புகளை என்பதால், அதில் ஒரு நிலையான பங்கை மரபு மண்டலத்தில் தானே குடியிருக்கும் வீட்டுக்காரரின் கூரைக்கும் சுவருக்கும் ஒதுக்கலாம். ஒரே நிபந்தனை போதும்: மானியம் வாங்கிய வீட்டைப் பத்து ஆண்டுக்குள் விற்றால் அந்தத் தொகையை விற்பனை விலையிலிருந்து நிதிக்குத் திருப்பிக் கட்ட வேண்டும், பத்து ஆண்டு குடியிருந்தவர் ஒரு காசும் திருப்பித் தரவேண்டாம்.